சாமி உப்பும் நீல மருந்தும்

இதை எழுத உட்காரும் முன் கண்ணாடியில் என் உதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சிவப்பாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் திருநீறு பூச கண்ணாடி முன் நின்றால் நெற்றியை மட்டும்தான் பார்ப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதலில் உதடு, அப்புறம் விரல் நகம், கடைசியில்தான் நெற்றி. காமாட்சி அம்மன் கொடுத்த உயிர் இது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் நாலு பேருக்காவது இது தெரிய வேண்டும் என்று மனதில் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஊர் அந்த ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மகள் பவித்ரா ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். மகளிர் குழுவைச் சேர்ந்த கஸ்தூரி அக்காதான் சமைக்கிறார். விடியும்போதே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு ஆசிரியரும், பெற்றோர் குழுவில் ஒருவரும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கரண்டி எடுத்து மூடி போட்ட டப்பாவில் தனியாக வைத்துவிட வேண்டும். பின்னால் ஏதாவது ஆனால் சோதித்துப் பார்க்க அது வேண்டும். இதெல்லாம் அரசு வைத்திருக்கிற முறை. நான் குழுவில் இருந்ததால் எனக்கும் முறை வந்தது.

முதல் தடவை முறை வந்தபோது என் மனைவி தேவகிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைக்க மாட்டோம். உப்பு சரியா காரம் சரியா என்று கைப்பக்குவத்தில்தான் தெரிய வேண்டும்.

"புள்ளைங்களும் சாமிதானே. அதுங்களுக்கு ஆக்கி வெச்சத நீங்க போயி எச்சில் பண்ணிட்டு வருவீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. ரேவதி டீச்சரிடம் சொன்னேன். இது ருசி பார்க்கிற வேலை இல்லை அண்ணா, சின்ன வயிற்றுக்குப் போகும் முன் பெரிய வயிற்றில் போய்ப் பார்க்கட்டும் என்பதுதான் என்று அவர் விளக்கினார். அதன் பிறகு நானாக ஒரு வழி செய்துகொண்டேன். மற்றவர்கள் நின்றபடியே ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. தனித் தட்டில் போடச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, தண்ணீர் சுற்றிக் கும்பிட்டு, கோயில் பிரசாதம் போல ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் நிதானமாகச் சாப்பிடுவேன். கஸ்தூரி அக்காவும் அதே மாதிரி ஆள். முதல் தட்டில் உட்கார்ந்தவர் எழுந்து கை கழுவும் வரை பாத்திரத்தில் கரண்டியை விட மாட்டார். அதனால் என் முறை வரும் நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

அன்று ரவை உப்புமா, சாம்பார். ரேவதி டீச்சர் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு வகுப்புப் பக்கம் போனார். நான் வழக்கம்போல உட்கார்ந்தேன். எதிரே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் நாலாவதாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த வாலு ஒன்று, "பவி, உங்கப்பா அண்டாவோட முடிச்சிட்டுத்தான் எழுந்துப்பாரு போலக்குதே" என்றது. வரிசையே சிரித்தது. பவித்ரா என்னைப் பார்த்து முறைத்தாள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது ருசியில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல உப்புமா. நாக்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

குழாயடியில் கை கழுவும்போது தலை கிர்ரென்று சுற்றியது. இழுத்து இழுத்து மூச்சு விட்டாலும் உள்ளே ஒன்றும் போய்ச் சேராத மாதிரி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ரேவதி டீச்சர் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அண்ணா, உதடு ஏன் இப்படி இருக்குது? நாவல்பழம் தின்ன மாதிரி."

நான் அவரைப் பார்க்கவில்லை. நான் கை கழுவியதும் கஸ்தூரி அக்கா அண்டாவுக்குள் கரண்டியை விட்டிருந்தார். வரிசையில் முதல் பிள்ளை தட்டை நீட்டியது. போடாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கையைத் தூக்கினேன், தூக்கினேனா என்றுகூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. கரண்டி மேலே வந்தது தெரிந்தது. அதோடு தரையில் விழுந்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டு நண்பர் ஒருவர் என் ஆட்டோவிலேயே என்னைப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். தேவகி வீட்டிலிருந்து ஓடி வந்து ஏறிக்கொண்டாள். பள்ளிக்குள் என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியாது. பவித்ரா சாப்பிட்டாளா என்று கேட்க நினைத்தேன். வழி முழுவதும் நாக்கு புரளவில்லை. முருகா, முருகா என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. கரண்டியை அண்டாவிலேயே நிறுத்து என்றுதான் கேட்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். முதலில் மாரடைப்போ என்று நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். படபடப்பைத் தவிர அதில் கோளாறு இல்லை. விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டுமாம். நம்பர் குறைவாக இருந்தது. மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். நியாயமாக நம்பர் ஏற வேண்டும். ஏறவில்லை. எவ்வளவு திறந்தாலும் அதே இடத்தில் நின்றது. நர்சம்மா இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நோயாளி கண்ணை மூடியிருந்தாலும் இந்த மாதிரிப் பார்வை மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கையில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக வர வேண்டிய ரத்தம் கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுக் கொஞ்ச நேரம் காற்றில் காட்டினார். சாதாரண ரத்தம் காற்றுப் பட்டதும் நல்ல சிவப்பாக மாறிவிடும் என்று பிற்பாடு சொன்னார். என்னுடையது மாறவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மாஸ்க்குக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்து உப்புமா என்றேன். அவர் முகம் மாறியது. தேவகியிடம் டீச்சர் போன் நம்பர் இருந்தது. டாக்டரம்மா அங்கேயே, என் கட்டில் பக்கத்திலேயே நின்று போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வியை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

"பசங்க சாப்பிட்டுட்டாங்களா?"

அந்தப் பக்கம் டீச்சர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். என் உயிரில் பாதி அந்தச் சின்ன போனுக்குள் இருந்தது. பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்து என்னிடம் சொன்னார்.

"ஒரு குழந்தைகூட சாப்பிடல. போதுமா? இப்ப அழாம மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

நான் அழுதேன். தேவகியும் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் எதற்கென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். நான் விழுந்ததுமே ரேவதி டீச்சர் பாய்ந்துபோய் கஸ்தூரி அக்கா கையிலிருந்த கரண்டியைத் தட்டிவிட்டிருக்கிறார். முதல் பிள்ளையின் தட்டில் விழுந்ததைத் தட்டோடு பிடுங்கிக்கொண்டார். அண்டாவை மூடி, சமையலறையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கடையிலிருந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டீச்சருக்கும் லேசாகத் தலைவலி இருந்ததாம். தூக்கம் சரியில்லை என்று நினைத்திருக்கிறார். அவர் சாப்பிட்டது ஒரு ஸ்பூன்தானே. உடனே கிளம்பி வரச் சொல்லி அவரையும் அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

டாக்டரம்மாவின் இரண்டாவது கேள்வி உப்பைப் பற்றி. எந்த உப்பு போட்டீர்கள், எங்கிருந்து வந்தது? டீச்சர் போனைக் கஸ்தூரி அக்காவிடம் கொடுத்திருக்கிறார். "அம்மன் கோயில்லருந்து சாக்குல வந்த உப்பும்மா அது" என்று அழுதுகொண்டே சொன்னாராம்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நர்சம்மாவிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அவசரப் பிரிவு அலமாரியில் அது இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேறு வேலைக்காக வைத்திருப்பார்கள், போய்க் கேளுங்கள் என்றார். நர்சம்மா ஓடினார். அவர் திரும்பி வரும் வரை தேவகி என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்சம்மா கையில் பிடித்து வந்த மருந்தைப் பார்த்தேன். அடர் நீலம். பட்டுக்குச் சாயம் போடுகிற ஊரில் பிறந்தவன் நான், அப்படி ஒரு நீலத்தைத் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அதை ஊசியில் ஏற்றி என் நரம்பில் மெதுவாக, ரொம்ப மெதுவாக விட்டார்கள். கை எரிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு உள்ளே போய்ச் சேர ஆரம்பித்தது. கிளிப்பில் நம்பர் ஏறியது. தேவகி என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணு ஷேர் ஆட்டோ மாதிரி. ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பு முழுக்க இறக்கிவிட வேண்டும். நான் சாப்பிட்டதில் உப்பு மாதிரியே இருக்கிற ஒரு சாயப் பட்டறை ரசாயனம் கலந்திருக்க வேண்டும். அது உள்ளே போய் ஆட்டோவையே கெடுத்துவிட்டது. வண்டி ஓடுகிறது, ஆனால் சவாரி ஏற இடமில்லை. நீல மருந்து வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது.

"ஒரு ஸ்பூன்தானே சாப்பிடச் சொல்லியிருக்காங்க, நீங்க ஏன் ஒரு தட்டு சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"பிரசாதம்மா மாதிரி நெனச்சிட்டேன்மா" என்றேன். வாய் குழறியதில் அப்படித்தான் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பூனோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் டீச்சர் மாதிரி லேசான தலைவலிதான் வந்திருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போயிருப்பேன், பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார்கள், அதுகளுக்கு உடம்பு சின்னது என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன், அவரையா சாமியையா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

வார்டில் சில நாள் வைத்திருந்தார்கள். அந்த நீல மருந்து சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம். ரத்த அணு உடையும். அதற்காகத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்குகிற ஜன்னல் முன்னால் தேவகி நின்ற நேரமெல்லாம் எனக்கு இந்தப் பக்கம் பயம். அவள் திரும்பி வரும் நடையைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். எல்லாம் நல்லதாகவே வந்தது.

மறுநாள் காலை கழிப்பறைக்குப் போனவன் அலறிக்கொண்டு வந்தேன். சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனது. மருந்து வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்று நர்சம்மா முன்பே சொல்லியிருந்தார். எனக்குத்தான் மறந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்காகப் படுத்திருந்த தறிக்காரர் ஒருவர் விவரம் கேட்டுவிட்டு, "மயில் கழுத்து கலரா? அடடா, அந்தக் கலர் வராம எங்க மொதலாளி ரெண்டு மாசமா அலைஞ்சிக்கினு இருக்காருப்பா. பாட்டில்ல புடிச்சி வையி" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் என்று ஒன்றும் வரவில்லை. ஆட்டோ ஓடாத நாட்கள்தான் எங்களுக்குப் பில். அதையும் ஸ்டாண்டு நண்பர்கள் வர விடவில்லை. தங்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முறை வைத்து என் வண்டியை ஓட்டி, வசூலை அப்படியே தேவகியிடம் கொடுத்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது, வெளியே சொல்ல வெட்கம். சாப்பிட முடியவில்லை. கஞ்சியை எதிரே வைத்தால் கை போகாது. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் நெஞ்சு அடிக்கும். தேவகி முதல் வேளை கெஞ்சினாள். அடுத்த வேளை கெஞ்சவில்லை. டம்ளரை எடுத்து, என் கண்ணெதிரே முதல் வாய் அவள் குடித்தாள். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் போனது. பிறகு என்னிடம் நீட்டினாள். படைக்கும் முன் நாக்கில் ஒரு சொட்டு படவிடாதவள் அவள். வீட்டுக்கு வரும் வரை ஒவ்வொரு வேளையும் இதேதான். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளட்டும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வார்டுக்கே வந்து என்னிடம் விவரம் கேட்டார். மூடி டப்பாவில் எடுத்துவைத்த உப்புமாவும், சமையலறையில் இருந்த உப்புச் சாக்கும் சோதனைக்குப் போயிருந்தன. டாக்டரம்மா சந்தேகப்பட்டதே சரி என்று முடிவு வந்தது.

சாக்கு வந்த கதையை எங்கள் தெருச் சரோஜாவே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லி அழுதாள். அவள் வீட்டுப் பின்கட்டை முன்பு யாரோ நூல் சாயப் பட்டறைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் காலி செய்து போய் ரொம்ப நாளாகிறது. ஒழுங்கு பண்ணும்போது மூலையில் வெள்ளையாக ஒரு சாக்கு இருந்தது. உப்பு என்று நினைத்தாள். உப்பு மகாலட்சுமி, தெருவில் கொட்டினால் நாலு கால் மிதிக்கும், அது பாவம். அதனால் அம்மன் கோயிலில் சேர்த்தாள். வேண்டுதலுக்கு உப்பு போடுகிற கோயில் அது. இவ்வளவு உப்பை எங்கே கொட்டுவது, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகும், புண்ணியம் என்று பூசாரி சாக்குக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி அனுப்பினார். அந்த வாரம் பள்ளியில் பாக்கெட் உப்பு தீர்ந்திருந்தது. குங்குமம் வைத்து வந்த உப்பை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கஸ்தூரி அக்கா வாங்கி வைத்தார். நான் சாப்பிட்ட அன்றுதான் முதல் தடவையாக அதை எடுத்துப் போட்டிருக்கிறார். ஒருவர் மனதிலும் துளி கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் புண்ணியம்தான் செய்தார்கள்.

"எம் புள்ளையும் அந்த வரிசையிலதான்ணா உக்காந்திருந்தான்" என்றாள் சரோஜா.

நான் வீடு திரும்பிய வாரமே பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கஸ்தூரி அக்காவை நிறுத்த வேண்டும் என்று சிலர் கோபமாக நின்றார்கள். அவர் ஒரு மூலையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் எழுந்தேன். "என் வாய்க்குள்ள போனது. எனக்கில்லாத கோவம் உங்களுக்கு எதுக்குப்பா?" என்றேன். அவர் மட்டும் நான் எழுந்திருக்கும் வரை காத்திருக்காமல் முன்பே பரிமாறியிருந்தால் இன்று இந்தக் கூட்டம் வேறு மாதிரிக் கூட்டமாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

அக்காவை எச்சரித்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். இப்போது வெளியிலிருந்து எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது, அது சாமி கொடுத்ததாக இருந்தாலும் சரி. அரசு அனுப்புகிற பாக்கெட்டை அன்றன்றைக்கு டீச்சர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் பிள்ளைகளுக்கு. இந்த அரை மணி முன்பும் விதியில் இருந்ததாம், எந்த ஊரிலும் யாரும் பார்ப்பதில்லை என்று அலுவலர் சொன்னார். நான் மெதுவாகச் சாப்பிட்டதில்தான் எங்கள் ஊரில் அது தற்செயலாக நடந்திருக்கிறது. உங்கள் பிள்ளை பள்ளியிலும் ஒருநாள் போய் நின்று பாருங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், சாப்பிடப் போங்கள்.

போன வாரம் என் முறை மறுபடி வந்தது. தேவகி தடுக்கவில்லை. திருநீறு பூசிவிட்டு, "தட்டுல மிச்சம் வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றும் உப்புமாதான். கஸ்தூரி அக்கா எனக்கு ஒரு தட்டு போட்டார். பிறகு இன்னொரு தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பிள்ளைகளுக்கு முன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தண்ணீர் சுற்றிக் கும்பிட்டோம். முதல் வாயை இரண்டு பேரும் ஒன்றாக எடுத்தோம்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, காத்திருந்தோம். எதிரே வரிசை முழுக்க உப்புமாவைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேவதி டீச்சர் மணியைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா எழுந்து கரண்டியை எடுத்தார்.

பவித்ரா எழுந்து என்னிடம் வந்தாள். முதலில் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். பிறகு கீழ் உதட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தது யாரோ தெரியவில்லை.

திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

"செவப்பாத்தான் இருக்குது. போடுங்க கஸ்தூரிம்மா, பசிக்குது."